நிமிசத்துக்கு எழுபத்திரண்டு

ஊஞ்சவலசு ஜனங்களின் நெஞ்செல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தபோது, துளசிமணியின் ஸ்பீக்கர் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. போனவை போனவைதான், அன்றைக்குப் பாயசம் கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது என்பதையும் ஊர் அதே மூச்சில்தான் சொல்லும்.

துளசிமணியும் அவள் வீட்டுக்காரன் குணசீலனும் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார்கள். பெட்டி தூக்குவதும் ஒயர் இழுப்பதும் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டே கயிற்றைச் சுண்டுவதும் அவன் வேலை, பாட்டு அவள் வேலை. சுற்றுகிற தட்டு இரண்டு வைத்த கன்சோலும் ஒரு பழைய லேப்டாப்பும் அவளுடைய அடுப்படி மாதிரி. எது எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். சீர், கல்யாணம் என்று விசேஷ வீட்டில் ஒரே மாதிரிப் பாட்டுக் கேட்கிறவர்களா வருகிறார்கள்? பெரியவர்களுக்குப் பழைய மெலடி வேண்டும், அது நிமிசத்துக்கு எழுபது, எண்பது அடியில் நடக்கும். பெண்களுக்கு அம்மன் பாட்டு வேண்டும், அது தொண்ணூறில் வரும். காலேஜ் பிள்ளைகளுக்கு டான்ஸ் பாட்டு, நூற்று இருபத்தெட்டு. தண்ணி போட்ட மச்சான்மார்களுக்கு நூற்றைம்பதுக்குக் குறைந்த எதுவும் காதில் ஏறாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவக்கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். பால் குடித்த பிள்ளைக்கு அடுத்த நாளே கறிச்சோறு கொடுப்பார்களா, ராகிக் கூழ், பருப்புத் தண்ணி, குழைந்த சாதம் என்றுதானே போக வேண்டும். அப்படித்தான் பாட்டுக்குப் பாட்டு இரண்டு, மூன்று அடியாக ஏற்றி, ஆடுகிறவர்களுக்கே தெரியாமல் கொண்டுபோய் உச்சியில் விடுவாள், அதே மாதிரி இறக்கியும் வைப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாவிவிட்டாள். தறிக்கூடம் வைத்திருக்கும் ராக்கியப்பன் வீட்டுக் கல்யாணம், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மேடையைச் சூழ்ந்துகொண்டு, "அக்கா, தூங்க வெக்கவா கூட்டிட்டு வந்தீங்க?" என்று கத்திக் கத்தி அவள் பொறுமையைத் தின்றுவிட்டார்கள். எழுபத்து நாலில் போய்க்கொண்டிருந்த மெலடியை வெட்டி, நூற்று ஐம்பத்தாறில் பறையடியை வைத்தாள்.

மண்டபத்தில் இருந்தவர்கள், மண்டபத்து வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவர், தன் வீட்டுக் கொல்லையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், சத்தம் எட்டிய தூரம் வரைக்கும் அத்தனை பேர் நெஞ்சும் அந்த அடியைப் பிடித்துக்கொண்டது. மூன்று பேர் இலையிலேயே சாய்ந்தார்கள். அவள் பதறிப் பாட்டை இறக்க இறக்க எழுந்து உட்கார்ந்து, ரசம் கேட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, எல்லாம் முடிந்தது என்று குணசீலன் பிளக்கைப் பிடுங்கியபோதுதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. பாட்டு நின்றது, ஊரே, சாக்கு அவிழ்ந்து கிழங்கு சரிகிற மாதிரி, இருந்த இடத்தில் சரிந்தது. மடங்கிய முட்டியோடு குணசீலன்தான் கையில் இருந்த பிளக்கைத் தட்டுத்தடுமாறி மறுபடியும் சொருகினான். எல்லோரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து ஊஞ்சவலசில் பாட்டு நிற்கவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் வேலை இருந்தது. கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டினார்கள். ஜெனரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக நின்றது, டீசல் முறை வீட்டுக்கு வீடு வந்தது. வெளியூரிலிருந்து வந்துபோகிற துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெசிந்தா, மணிக்கட்டு மணிக்கட்டாகப் பிடித்துப் பார்த்து, சும்மா இருக்கும்போது எழுபத்திரண்டு, தூங்க அறுபது, தறி ஓட்டவும் களை வெட்டவும் தொண்ணூறு என்று எழுதிக் கொடுத்தார். நூறைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் இரண்டு கோடு போட்டு எழுதினார். தண்ணீர்க் குடத்தோடு வருகிற பெண்கள், "இப்ப எத்தனைல போகுது? தொண்ணூறுன்னா மேட்டு வழியாவே போயிரலாம், அறுபதுன்னா சுத்தித்தான் போகோணும்" என்று பேசப் பழகிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் மாரிமுத்துவுக்கு மட்டும் ஏக சந்தோசம், பிள்ளைகள் அவர் இத்தனை வருசத்தில் காணாத அமைதியில் வாய்ப்பாடு சொன்னார்கள். சண்டைகள் படுத்துவிட்டன. வரப்புத் தகராறில் இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்குவார்கள், வாய் கத்தும், நெஞ்சோ எழுபத்திரண்டில் நடந்துகொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் எதற்குக் கத்துகிறோம் என்று அவர்களுக்கே சப்பென்று ஆகி, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். காதலித்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி, பார்த்தால் ஒன்றுமே படபடக்கவில்லை என்று பிரிந்துபோய், நாலு நாள் கழித்து, ஊரில் எவருக்கும்தான் படபடக்கவில்லையே என்று மறுபடி சேர்ந்துகொண்டது.

ஊரை விட்டுப் போக மட்டும் முடியவில்லை. தீவனம் வாங்க மொபெட்டில் போன ஒருவர் வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாட்டு எட்டாத இடத்தில், வண்டியோடு சாய்ந்தார். வெளியூர்க்காரர்கள் இழுத்து இந்தப் பக்கம் போட்டதும் எழுந்தார். வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உள்ளே வந்தால் பாட்டுக்கு அடங்குவார்கள், பாலம் தாண்டினால் அவரவர் நெஞ்சு அவரவருக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் உள்ளே இருந்தார்களோ அவர்கள்தான் மாட்டிக்கொண்டவர்கள்.

துளசிமணியின் பையன் அன்றைக்கு உள்ளே இல்லை.

அவனுக்கு நாலு மாசம். பெயர் ருத்விக், சொந்தக்காரர்களுக்கு வாயில் நுழையாததால் ருத்து. பெட்டிச் சத்தம் பச்சைப் பிள்ளைக்கு ஆகாதென்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டுக்காட்டில் இருக்கும் அவளுடைய அண்ணி கலாமணியிடம் காலையிலேயே விட்டு வந்திருந்தாள், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தூக்கிக்கொள்ளலாம் என்று. திங்கட்கிழமை காலை அண்ணி அவனைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தாள். பத்தடிதான். பையனின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகி, தலை தொங்கிவிட்டது. எதிரே கையை நீட்டிக்கொண்டு வந்த துளசிமணிதான், "போங்க அண்ணி, போங்க, அக்கட்டால ஓடுங்க!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் போனதும் பையன் வீலென்று அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் அவளுக்கு உயிர் வந்தது.

"நாலு மாசப் பிள்ளைக்கு நெஞ்சு நூத்தி முப்பது, நூத்தி நாப்பது அடிக்கோணும் துளசி" என்றார் ஜெசிந்தா. "உங்க எழுவத்திரண்டுல அது தாங்காது."

ஆக, அவள் நிற்க முடிந்த இடமெல்லாம் பாட்டு எட்டியது, பாட்டு எட்டிய இடத்துக்கெல்லாம் பையன் வரக்கூடாது. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார்கள். அது காது வழியாக வருவதில்லை, நெஞ்சுக்கூடு வழியாக வருகிறது. ஊருக்கும் பையனுக்கும் பொதுவாக இருக்கட்டுமென்று பாட்டை நூறில் வைத்துப் பார்த்தார்கள். ஊரில் கிழவர்களுக்கு மூச்சிரைத்தது, பாலத்தில் பையனுக்கு உதடு கறுத்தது. நடுவில் நின்றது யாருக்கும் உதவவில்லை. அவள் பாலைப் பீய்ச்சி ஒரு சின்னத் தூக்குப்போசியில் பால் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டாள், அண்ணி பாலாடையில் ஊற்றினாள், அவன் பாதியைத் துப்பினான். டப்பாப் பாலை முழுசாகவே துப்பினான். தினமும் பத்து மணிக்கு அவள் பாலத்தின் இந்த முனையில் நிற்பாள், அண்ணி எட்டத்தில் அவனைத் தூக்கிக் காட்டுவாள், வாய்க்கால் தண்ணீர் சலசலவென்று இரண்டு பேருக்கும் நடுவே போகும். அவளுக்கு மார்பு பால் கட்டிக்கொண்டு வலிக்கும். நெஞ்சு மட்டும் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று பஞ்சாயத்து ஆபீஸ் கடிகாரம் மாதிரி நடந்துகொண்டிருக்கும். பெற்ற பிள்ளைக்காகப் பதறக்கூட அவளால் முடியவில்லை.

பத்தாம் நாள் ஜெசிந்தா தராசைக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "அரைக் கிலோ எறங்கிட்டான். நாளான்னிக்கு வரைக்கும் பாக்கறேன். அப்பறம் பெரியாஸ்பத்திரிலதான் சேர்க்கோணும். அங்க சேர்த்தாலும் பெத்தவ கூட இல்லாம என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

அன்றைக்கு மத்தியானம்தான் அது நடந்தது. எழுபதுக்குக் கீழே போகிற பாட்டுகள் தீர்ந்துபோய், போட்டதையே போட்டுப் போட்டு ஊர் சலித்திருந்ததால், லேப்டாப்பில் கிடந்த பழைய குப்பையையெல்லாம் கிளறிக்கொண்டிருந்தாள். போன வருசம் கோயில் சாட்டுத் திருவிழாவுக்கு ஊர்ப் பெண்கள் ஆடிய கும்மி ஒன்று, அவளே போனில் பிடித்தது, கிடைத்தது. அறுபத்தெட்டு என்று லேப்டாப் காட்டியது. சரியென்று வைத்துவிட்டாள். பாட்டு ஓட ஓட அவள் பெட்டியிடம் காதைக் கொண்டுபோனாள். கைத்தட்டைப் பார்த்தால் அது அறுபத்தெட்டு இல்லை. சட சட சடவென்று போகிறது. விரலை மடக்கி எண்ணினாள்: நூற்று முப்பத்தாறு. லேப்டாப் பாதியைப் பார்த்துவிட்டு மீதியை விட்டிருக்கிறது. அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வாசலில் ஒருவரும் விழுந்து கிடக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். துளசிமணி தன் கழுத்தில் விரலை வைத்தாள். அறுபத்தெட்டுத்தான்.

திரும்ப வந்து பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து கேட்டாள். பெண்கள் கை தட்டுகிறார்கள், இரண்டு தட்டுக்கு ஒரு தரம் பெரிய மேளம் 'தொம்' என்கிறது. ஊர் நெஞ்சு அந்தத் தொம்மைப் பிடித்துக்கொண்டு, நடுவே வரும் தட்டை விட்டுவிடுகிறது. ஒரே பாட்டுக்குள் பெரியவர்களுக்கு ஒரு நடை, அதற்குள்ளேயே அதைப்போல இரண்டு மடங்கு வெசையாக இன்னொரு நடை.

"மாமா," என்று குணசீலனைக் கூப்பிட்டாள், "ருத்துவுக்கு எது தோதோ அது இதுக்குள்ள இருக்குதுங்க."

பால் சொசைட்டிக் கொட்டகையில் ஊர் கூடியது. பாட்டு எழுபத்திரண்டில் போய்க்கொண்டிருந்ததால் எல்லோரும் நிதானமாகத்தான் எதிர்த்தார்கள்.

"ஏம்மிணி, மத்தியானம் தெரியாம நடந்தது, தப்பிச்சோம்" என்றார் ராக்கியப்பன். "தெரிஞ்சே நூத்தி முப்பத்தாற வெக்கச் சொல்றியா? எங்கப்பனுக்கு அடைப்புக்கு நெஞ்சுல ரெண்டு கம்பி வெச்சிருக்குது. ஒரு தட்டு தப்பி எல்லாருக்கும் ரெட்டையா அடிச்சுதுன்னா, மொத ஆளா அவருதான் போவாரு. உம்பட பையனுக்காக எங்கப்பனக் குடுக்கச் சொல்றியா?"

"அப்படிச் சொல்வனுங்களாண்ணா?"

"பின்ன? உன்ற பையன் அந்தப் பாட்டுல எதப் புடிப்பான்னு உனக்குத் தெரியுமா? அவனும் தொம்மையே புடிச்சான்னா?"

அதைத்தான் துளசிமணியும் மத்தியானத்திலிருந்து மனசுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஊரின் நெஞ்சு மேளத்தைப் பிடித்தது என்றால், அதற்குப் பழக்கம் அது. பையனின் நெஞ்சு எதைப் பிடிக்கும் என்று பையனைக் கொண்டுவந்து வைத்தால்தான் தெரியும்.

"தெரியாதுங்க" என்றாள். "பெத்தவ நானே தெரியாதுன்னுதான் சொல்றேன். இப்படியே உட்டா நாளான்னிக்கு என்ன ஆகும்னு மட்டும் தெரியுமுங்க."

பின்னாலிருந்து ராக்கியப்பனின் அப்பா நாச்சிமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"எம்பட கம்பியப் பத்தி நீ ஏண்டா பேசற? என்னயக் கட்டல்ல போட்டு எண்ணுங்க. தொண்ணூறத் தாண்டுனா நிறுத்தட்டும். பத்து நாளா எழுவத்திரண்டு, எழுவத்திரண்டுன்னு சவத்த இழுத்த மாதிரி இருக்குது, மருமவளப் பாத்து ஒரு நல்ல கோவம் பட முடியல."

"அய்யா!" என்றாள் மருமகள்.

"இப்பப் பாரு, இப்பக்கூட வர்ல."

ஒரே ஒரு பாட்டு என்று தீர்மானம் ஆயிற்று. நாலு நிமிசம் பத்து விநாடி. நாச்சிமுத்துவின் நாடி தொண்ணூறைத் தாண்டினால் அந்த நிமிசமே இறக்கிவிட வேண்டும். பையனுக்கு உதடு கறுத்தால் அண்ணி திரும்பி ஓட வேண்டும், அத்தோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. கன்சோலை நாச்சிமுத்து வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். கயிற்றுக் கட்டிலில் அவர் மல்லாந்து கிடந்தார், வாத்தியார் மாரிமுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ராக்கியப்பன் தலைமாட்டில் நின்றார். பாலத்துக்கு அந்தப் பக்கம் அண்ணி பையனோடும் ஜெசிந்தா மொபெட்டோடும் நின்றார்கள்; ஜெசிந்தாவின் போன் துளசிமணியின் போனோடு பேசிக்கொண்டே இருந்தது. ஊரில் நடமாட்டம் இல்லை. யாரையும் படுக்கச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் படுத்துக்கொண்டார்கள்.

துளசிமணியால் பாலத்துக்குப் போக முடியாது. பாட்டைச் சேர்க்க அந்த ஊரில் அவளை விட்டால் கை இல்லை. குணசீலன் எண்ணிக் கை தட்டினாலே இரண்டு தடவைக்கு ஒரு தடவை தப்பும். தன் பிள்ளை பாலத்தில் கால் வைக்கிற நேரத்தில் அவள் இங்கே தட்டில் விரல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

முதலில் எழுபத்திரண்டிலிருந்து இறக்கினாள். எழுபத்தொன்று. எழுபது. ஒரு மெலடி முழுக்க அதிலேயே விட்டாள். அறுபத்தொன்பது. அறுபத்தெட்டு. "அறுவத்தெட்டு" என்றார் வாத்தியார், கட்டிலிலிருந்து. ஒரு காதில் ஹெட்போனை வைத்து, கும்மியை உள்ளுக்குள் ஓடவிட்டு, மெலடியின் அடியும் கும்மியின் தொம்மும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடத்தைத் தேடினாள். உட்கார்ந்தது. இனி விரலை எடுத்தால் போதும், சரியாக அந்த அடியில் எடுத்தால் போதும்.

விரலை எடுக்கப் போன நொடியில் போனில் பையன் அழுதான். பசி அழுகை. அவளுடைய ரவிக்கை இரண்டு பக்கமும் குபீரென்று நனைந்தது. விரல் ஒரு தட்டுத் தாமதித்து விலகியது.

மெலடி 'தொம்' என்ற இடத்தில் கும்மி தட்டியது, மெலடி சும்மா இருந்த இடத்தில் கும்மி 'தொம்' என்றது. இரண்டு தொம்மும் சேர்ந்து ஊர் நெஞ்சில் இரட்டையாக இறங்கின.

"எழுவத்தஞ்சு" என்றார் வாத்தியார். "எம்பத்தொண்ணு. அம்மா, துளசி, எம்பத்தஞ்சு!" நாச்சிமுத்துவின் கால் கட்டிலை உதைத்தது. உள்ளே யாரோ பாத்திரத்தோடு விழுந்தார்கள். ராக்கியப்பன் மார்பைப் பிடித்துக்கொண்டே கன்சோலுக்குப் பாய்ந்தார். "நிறுத்துடி! நிறுத்து அத!"

குணசீலன் நடுவில் புகுந்து அவரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். "அவள வேல செய்ய உடுங்கண்ணா. கையக் கால வெச்சீங்கன்னா எல்லாரும் போயிருவோம். அவள வேல செய்ய உடுங்க." பாட்டைச் சட்டென்று வெட்டினால் இன்னும் மோசம் என்று அவனுக்குத் தெரியும். ராக்கியப்பனுக்கும் தெரியும், ஆனால் அவருடைய அப்பா கட்டிலில் கிடந்தார்.

துளசிமணிக்குப் பதினோரு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சு படபடவென்று அடித்தது. அது பயத்தால் அல்ல, அவளுடைய தப்பால். ஒரு தட்டு. ஒரே ஒரு கைத்தட்டு தள்ளிப் போயிருக்கிறது. ஒரு தட்டு நேரம் கும்மியை நிறுத்திப் பிடித்தால் அது தன் இடத்தில் வந்து உட்காரும். கூடப் பிடித்தாலும் கெட்டது, குறையப் பிடித்தாலும் கெட்டது. தாய்ப்பால் வழிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. சேலையில் துடைத்தாள். ஆள்காட்டி விரலைச் சுற்றுகிற தட்டின் ஓரத்தில் வைத்தாள், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டுகிற மாதிரி, அவ்வளவு அலுங்காமல்.

பிடித்தாள். விட்டாள்.

தொம்மின் மேல் தொம் உட்கார்ந்தது.

"எம்பத்தெட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்த வாத்தியாரின் வாய் நின்றது. "எம்பது. எழுவத்தி... இருங்க. அறுவத்தெட்டு." நாச்சிமுத்து கண்ணைத் திறந்து, "என்னடா, அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றார். ராக்கியப்பன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

மெலடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தாள். கும்மி மட்டும் ஊர் முழுக்க நின்றது, சட சட சட சடவென்று. கம்பத்துக் குழாய்களெல்லாம் போன வருசத்துக் கைகளால் தட்டின.

"கூட்டிட்டு வாங்க அண்ணி" என்றாள் போனில்.

போனில் கால் சத்தம். பாலத்துப் பலகை சத்தம். பையனின் அழுகை, பிறகு அழுகை நின்றது. நின்றது ஏன் என்று கேட்க வாயெடுத்தாள். நெஞ்சு அறுபத்தெட்டில் நடந்தது.

"பேசாதீங்க" என்றது ஜெசிந்தாவின் குரல். "எண்ணிட்டு இருக்கேன்."

கும்மி ஓடியது.

"முப்பத்து நாலு."

"அய்யோ" என்றார் ராக்கியப்பன், தரையில் இருந்தபடியே. குணசீலன் தலையில் கை வைத்தான்.

"கால் நிமிசத்துக்குங்க!" ஜெசிந்தா போனுக்குள்ளிருந்து கத்தினார். "கால் நிமிசத்துக்கு முப்பத்து நாலு. நூத்தி முப்பத்தாறு! ரெண்டு தட்டையும் புடிச்சுக்கிட்டான். ஒதடு நல்லாச் செவப்பா இருக்குது. வண்டியில ஏறுங்க கலாமணி, ஏறுங்க!"

மொபெட் ஊருக்குள் வந்து நின்றபோது பாட்டு முடிய அரை நிமிசம் இருந்தது. அண்ணி பையனை நீட்டினாள். இளைத்துப்போய், தலை மட்டும் பெரிசாக, அவளை அடையாளம் தெரியாத மாதிரி ஒரு பார்வை பார்த்தான். மோந்து பார்த்தான். பிறகு அவன் வாய் அவள் ரவிக்கையைத் துணியோடு கவ்வியது.

அவள் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மறைவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள், அண்ணி முந்தானையை இழுத்துவிட்டாள். "ஒரு பாட்டுன்னுதான் பேச்சு" என்று யாரோ சொன்னார்கள். ராக்கியப்பன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதைத் திருப்பி உள்ளங்கைப் பக்கமாக விட்டுக்கொண்டார். "எங்கப்பன் நல்லாத்தான இருக்காரு, ஓடட்டும்" என்றார். அவள் எட்டி ஒரு பொத்தானைத் தட்டினாள், கும்மி முதலிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தது.

எத்தனை தடவை சுற்றியது என்று யாரும் எண்ணவில்லை. ஒரு பக்கம் குடித்தான், மறு பக்கம் குடித்தான், இடையில் விட்டுவிட்டு ஒரு நீளமான பேச்சுப் பேசினான், மறுபடி குடித்தான், குடித்துக்கொண்டே தூங்கிப்போனான். ஜெசிந்தா குனிந்து, ஒரு பழக்கத்துக்காக, அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"இருவத்தெட்டு" என்றார்.

துளசிமணி கன்சோலைப் பார்த்தாள். பாட்டு மாறவில்லை, கால் நிமிசத்துக்கு முப்பத்து நாலு தட்டுத்தான். "கொறையுதுங்களா?"

"கொறையல. தூங்கற பிள்ளைக்கு எவ்வளவு இருக்கோணுமோ அவ்வளவு இருக்குது." ஜெசிந்தா நிமிர்ந்தார். "பாட்டு அதும்பாட்டுக்குப் போவுது துளசி. இவன் இவம்பாட்டுக்குப் போறான்."

வாசலில் நின்றவர்களெல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் தங்கள் தங்கள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் பாட்டோடுதான் இருந்தன. அது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் கலைந்துவிடுமோ என்ற மாதிரி நின்றார்கள்.

கும்மி இல்லாமலும் தாங்குவானா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பையனைத் தோளில் போட்டு இடது கையால் தாங்கிக்கொண்டு, துளசிமணி எழுந்தாள். வலது கையால் ஒரு பழைய மெலடியை அறுபத்தெட்டில் எடுத்து, கும்மியின் அடியில் உட்கார வைத்தாள். இந்தத் தடவை விரல் தப்பவில்லை. கும்மியைத் தேய்த்தாள். தட்டுச் சத்தம் ஒவ்வொன்றாக மங்கியது. அண்ணி மொபெட்டைத் திருப்பி நிறுத்தி, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடத் தயாராக நின்றாள். கும்மி போய்விட்டது. ஊரில் மெலடி மட்டும், அறுபத்தெட்டில், பெரியவர்கள் நடை நடந்துகொண்டிருந்தது.

"ஒதட்டப் பாருங்க" என்றாள் துளசிமணி. அவளுக்குப் பார்க்கத் தைரியம் இல்லை.

"செவப்பு" என்றாள் அண்ணி.

"இருவத்தெட்டு" என்றார் ஜெசிந்தா.

பையன் ஒரு பெரிய ஏப்பம் விட்டு அவள் தோளில் கொஞ்சம் பாலைக் கக்கினான்.

அவனைத் தட்டிக் கொடுக்கிற சாக்கில் அவள் உள்ளங்கையை அவன் முதுகில் வைத்தாள். அவளுடைய கை அதுபாட்டுக்குப் பாட்டோடு தட்டியது, அதற்கு அடியில் அவனுடைய நெஞ்சு வேறு எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. பழக்க தோசம், சேர்த்துப் பார்க்கலாம் என்று கையைக் கொஞ்சம் வெசையாக்கினாள், இன்னும் கொஞ்சம், இதோ பிடித்துவிட்டாள். அவன் ஒரு பெருமூச்சு விட்டான், நெஞ்சு மாறிவிட்டது. மறுபடி தேடினாள். நழுவிவிட்டது. எத்தனையோ கல்யாணத்தில் எந்தெந்தப் பாட்டையோ எந்தெந்தப் பாட்டோடோ சேர்த்த கை அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் சேர்ந்து வழிந்தது, நெஞ்சு மட்டும் அறுபத்தெட்டு.

"என்னடி சிரிக்கற?" என்றான் குணசீலன்.

"உங்க மவன் என்ற மிக்ஸுக்கு அடங்க மாட்டேங்கறானுங்க மாமா."

மெலடி முடிய இன்னும் இருபது விநாடி இருந்தது. அவனைத் தோளில் சரியாக ஏற்றிப் போட்டுக்கொண்டு, ஊருக்கு அடுத்த பாட்டைத் தேடினாள்.